பால் பொங்கிய பக்கம்

“மழை எந்தப் பக்கம் போகுதுன்னு ஆகாசத்துல பாக்கத் தெரியுது, அடுப்புல பால் எந்தப் பக்கம் பொங்குச்சுன்னு பாக்கத் தெரியலையாக்கும் உங்க மகளுக்கு?”

ஒரு வார்த்தை கூட்டவில்லை அக்கா, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள், எனக்குச் சம்பந்தியாக வாய்த்த மகராசி, அதோ தெரிகிறதே கார் நிறுத்தும் இடம், அங்கே நின்றுகொண்டு, ஊர் உறவெல்லாம் நனைந்த கோழி மாதிரி சுற்றி நிற்கும்போது, என் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி. பால்காய்ப்புக்கு நீங்களும் வந்திருப்பீர்களே. ஊரில் இல்லையா? நல்லதாகப் போயிற்று. அப்படியானால் நான் சொல்வதைத்தான் முதலில் கேட்கப்போகிறீர்கள். அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு நாற்காலி போட்டிருக்க மாட்டீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். வந்து பார்த்தால் வீடு பூட்டு. சொல்லாமல் வந்தது என் தப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வந்தால் இந்த அம்மாள் வீட்டில் இருந்துகொண்டே பூட்டிவிடுவார். தண்ணீர் போதும். காபி வேண்டாம். சரி, அரை டம்ளர்.

என் மகள் தாரிணியைப் பார்த்திருப்பீர்கள். மாநிறம், கண்ணாடி போட்டிருப்பாள், யார் என்ன கேட்டாலும் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் பதில் சொல்லுவாள். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததில்லை. சென்னையில் மழை படிக்கிறாள். டி.வி.யில் நின்று, கடலோர மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு என்று சொல்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சாட்டிலைட்டில் பார்த்துப் படிப்பது. ஒரு சாட்டிலைட் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேலேயே நிற்குமாம். வேறு சில, சொந்தக்காரர்கள் மாதிரி, சுற்றி வரும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுமாம். அது எட்டிப் பார்த்தபோது மழை இங்கே இருந்தது, இது எட்டிப் பார்த்தபோது அங்கே இருந்தது, நடுவில் மழை எந்த வழியாக, எவ்வளவு வேகமாக நடந்து போனது என்று இவள் கண்டுபிடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கடலில் எந்நேரம் பெய்கிறது, கரைக்கு எப்போது ஏறுகிறது, வழியில் எங்கே நின்று இளைப்பாறுகிறது, எல்லாம்.

“அம்மா, நான் நாளைக்கு மழை வருமான்னு சொல்றவ இல்ல. பெஞ்சு முடிஞ்ச மழை எப்படிப் போச்சுன்னு பாக்கறவ” என்பாள். தன்னடக்கம். நான் வளர்த்த பிள்ளை. பெய்து முடிந்த மழையைப் பார்க்கவா கவர்ன்மென்ட்டில் இத்தனை கோடி செலவு செய்து அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் ஒன்றை நிறுத்துவார்கள்? அதனால் எங்கள் தெருவில் வத்தல் காயப்போடுவதானாலும் சரி, வளைகாப்பு வைப்பதானாலும் சரி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் செய்வார்கள். நானும் சொல்லுவேன். பாதிக்குப் பாதி சரியாக வரும். டி.வி.க்காரன் மட்டும் என்ன கிழித்துவிட்டான்.

இப்போது கப்பலுக்கு வருகிறேன். கப்பல்தான் விஷயமே.

கடல் மேலே பெய்கிற மழையை சாட்டிலைட் மேலேயிருந்து பார்த்து ஒரு அளவு சொல்லுமாம். அது நிஜமா புளுகா என்று கீழே ஆள் நின்று பார்க்க வேண்டும். ஊருக்குள் என்றால் மழைமானி வைக்கலாம். நடுக்கடலில் யார் வீட்டு மாடியில் வைப்பது? அதற்கென்று ஒரு கப்பல் போகிறது. ஒரு மாதம் வங்கக் கடலில் சுற்றும். சாட்டிலைட் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் இவர்கள் கீழே மழையைப் பிடித்து அளக்க வேண்டும். அதில் என் மகளுக்கு இடம் கிடைத்தது. மூன்று வருஷமாக அவள் போட்டு வைத்திருக்கிற கணக்கு அதில் போனால்தான் நிற்கும், போகாவிட்டால் விழும். “இது போச்சுன்னா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாதும்மா” என்று போனில் அழுதாள் அக்கா. ஏழாம் வகுப்பில் கையை உடைத்துக்கொண்டு வந்தபோதுகூட அழாத பெண்.

கப்பல் எந்தத் துறைமுகம், எந்தத் தேதி என்றெல்லாமும் சொன்னாள். எனக்கு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் என்று மட்டும் ஞாபகம். சென்னையாகத்தான் இருக்கும். பெரிய காரியமெல்லாம் அங்கிருந்துதானே நடக்கும்.

மருமகன் செந்தில்நாதன் தங்கமான பையன். போய்விட்டு வா என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் அம்மாவிடம் சொல்ல அவருக்கு நாக்கு புரளாது. கல்யாணமாகி வருஷம் ஒன்றுதான் ஆகிறது, மருமகள் ஒரு மாதம் கப்பலில் ஆம்பளைகளோடு போகிறாள் என்றால் ஆவுடையம்மாள் என்ன சொல்லுவாரோ என்று பயம். ஐப்பசியில் இந்தப் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம், அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நாங்களே மெதுவாகப் பேசிக்கொள்கிறோம் அத்தை என்றார். மெதுவாகவாம். இவர்கள் மெதுவாகப் பேசி முடிப்பதற்குள் கப்பல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடும். நான் சொல்லிவிட்டேன், நீங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்க வேண்டாம், என்னிடம் விடுங்கள் என்று. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “வேண்டாம் பிரேமா” என்றார். அவர் நான் பஸ் ஏறினாலும் வேண்டாம் என்பார், இறங்கினாலும் வேண்டாம் என்பார்.

பால்காய்ப்பு அன்றைக்கு விடியும் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டோம். புது அடுப்பு, புதுப் பானை, மஞ்சள் கிழங்கு கட்டி, எல்லாம் முறையாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். பால் பொங்கி வழிகிறபோது எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க வேண்டும் இல்லையா? கிழக்கே வடக்கே என்றால் சேமம். தெற்கே என்றால் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார்கள். அதைப் பார்த்துச் சொல்கிற வேலையை ஆவுடையம்மாள் என் மகளுக்குக் கொடுத்தார். ‘வீட்டுக்கு மூத்த மருமக, நீதான் பாக்கணும்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லித்தான் கொடுத்தார். பெருமைதான். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அந்த அம்மாள் திரும்பிச் சமையல்காரரிடம் சொல்கிறார்: பஞ்சாங்கத்தில் இன்றைக்கு மழை என்று போட்டிருக்கிறது, பந்தியை மொட்டை மாடியில் வேண்டாம், கீழே ஹாலிலேயே இரண்டிரண்டு வரிசையாக வைத்துவிடலாம் என்று. பஞ்சாங்கத்தில்! வீட்டில் சாட்டிலைட்டையே பிடித்து ஆட்டுகிற மருமகள் நிற்கிறாள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. இந்த இடத்தில் தாரிணி படிப்பு என்ன படிப்பு என்று காட்டிவிட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு கப்பலைப் பற்றிப் பேசுவது எவ்வளவு லேசாகிவிடும். நீங்களே சொல்லுங்கள், யோசனையில் தப்பு இருக்கிறதா?

மெல்ல மகளுக்குப் பக்கத்தில் போய், இன்றைக்குப் படத்தைக் காட்டு என்றேன்.

“பால்ம்மா” என்றாள், அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

“பால் எங்கடி ஓடியா போகப்போகுது? காட்டு.”

இரண்டு தடவை முடியாது என்றாள். மூன்றாவது தடவை நான் முழங்கையால் இடித்த இடியில் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். கடல், இலங்கை, நம் கரை எல்லாம் கோடு போட்ட படம். இலங்கைக்கும் நமக்கும் நடுவில், கொஞ்சம் நம் பக்கமாகவே, சிவப்பாகத் திட்டு. சிவப்பென்றால் பெருமழை. எங்கே, கொஞ்சம் பெரிதாக்கு என்று நான் குனிகிறேன், அவளும் குனிகிறாள், பின்னால் குலவைச் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பால் பொங்கி அடங்கிவிட்டது.

ஆவுடையம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார். “எந்தப் பக்கம்மா?”

என் மகள் முழிக்கிறாள். நான் சமாளிக்க வேண்டாமா? “கிழக்கே” என்றேன். அதே நேரத்தில் மருமகனும் சமாளித்தார். “வடக்கே” என்றார். ஒரே குரலில் இரண்டு திசை. அந்த அம்மாள் அடுப்பைப் பார்த்தார். அதற்குள் அவருடைய நாத்தனார் ஒருத்தி, சுத்தக்காரி, புது அடுப்பு கறையாகிவிடும் என்று ஈரத்துணியால் நாலு பக்கமும் துடைத்து வைத்துவிட்டாள். நான் அடிக்கடி நினைப்பேன், அன்றைக்கு நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்த நாத்தனார்தான்.

சம்பந்தி முகம் சுருங்கிப்போயிற்று. புது வீட்டில் முதல் காரியம், மருமகளை நம்பிக் கொடுத்தது, இப்படியாகிவிட்டதே என்று இருக்கும். இருக்கத்தான் செய்யும். அப்படியே விட்டால் கப்பலுக்கு அன்றைக்கே சங்கு ஊதிவிடுவார். சூட்டோடு சூடாகச் சரிக்கட்ட வேண்டும். போனை வாங்கிப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். மூலையில் நேரம் போட்டிருந்தது, பன்னிரண்டரை. ராத்திரி பன்னிரண்டரைக்கு அந்தத் திட்டு கரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. இப்போது விடிந்தே போயிற்று. வருகிற மழையாக இருந்தால் இதற்குள் வந்து நம்மைக் குளிப்பாட்டிவிட்டு மதுரைக்குப் போயிருக்காதா? வரவில்லை என்றால் வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், புத்தி இருந்தால் போதும்.

தாரிணி என்னவோ சொல்ல வந்தாள். “அம்மா, அந்த நேரம் வந்து...” என்று இழுத்தாள். அவள் இழுத்து முடிக்கிற வரைக்கும் நிற்க எனக்கு ஏது பொறுமை? வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடு போ என்று அனுப்பிவிட்டு, கூடத்து நடுவில் நின்று சொன்னேன். சாட்டிலைட்டில் பார்த்தாயிற்று, மழை திரும்பிப் போய்விட்டது, என் மகள் கணக்குப்படி இன்றைக்குச் சொட்டு விழாது, காற்றோட்டமாக மாடியிலேயே பந்தி போடுங்கள் என்றேன். ஆமாம், என் மகள் கணக்குப்படி என்றுதான் சொன்னேன். பெயர் அவளுக்குத்தானே வர வேண்டும்.

பந்தி மாடிக்கு ஏறியது. முதல் பந்தியில் கேசரி வைத்து, இட்லி வைத்து, சாம்பார் வாளி வந்துகொண்டிருக்கிறது. கிழக்கே இருட்டியதை நான்தான் முதலில் பார்த்தேன். கடற்கரை ஊர் அப்படித்தான் இருட்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை.

அதை மழை என்று சொல்லக்கூடாது அக்கா. குடத்தைக் கவிழ்த்த மாதிரி. இலை பறக்கிறது, வடை மிதக்கிறது. சாமியானாத் துணி தண்ணீரைத் தேக்கித் தேக்கி, கிழிவதற்கு வேறு ஆள் கிடைக்காமல், சரியாக ஆவுடையம்மாளின் அண்ணன், ஓய்வுபெற்ற தாசில்தார், அவர் தலைக்கு மேலே போய்க் கிழிந்தது. மனுஷர் கையில் பிட்ட இட்லியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர்தான் சிரித்தார்.

எல்லாரும் கீழே ஓடி வந்து ஒண்டியபோதுதான் அந்தக் கேள்வி. மழை எந்தப் பக்கம், பால் எந்தப் பக்கம். முதலிலேயே சொன்னேனே. சுற்றியிருந்த பெண்டுகள் களுக்கென்றார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள், புடவை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு எப்படி இருக்கும்? ஆனால் அந்த நேரத்திலும் நான் காரியத்தை மறக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றே கேட்டுவிட்டேன். இதெல்லாம் சாட்டிலைட்டின் தப்பு, இதைச் சரிபார்க்கத்தான் கவர்ன்மென்ட் கப்பல் விடுகிறது, உங்கள் மருமகள் அதில் ஒரு மாதம் போக வேண்டும், நீங்கள் சரி என்று சொல்லுங்கள் என்றேன்.

மருமகன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ஆவுடையம்மாள் என்னைப் பார்க்கவில்லை. என் மகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்:

“நீங்க எதுக்குக் கேக்கிய? கப்பல்ல போறவ அவதான. அவ வந்து கேக்கட்டும்.”

என்ன திமிர் பார்த்தீர்களா? பெற்ற தாய் கேட்டால் போதாதாம். அவள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டுமாம். என் மகளாவது கேட்பதாவது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது தாரிணி என்னைத் தனியாக உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். குரலை உயர்த்தவில்லை. “அம்மா, இனிமே எனக்காக நீ பேசாத. யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசாத” என்றாள். பாவம். மாமியார் காதில் விழ வேண்டும் என்பதற்காக என்னை விட்டுக்கொடுத்துப் பேச வேண்டிய நிலைமை. எனக்குப் புரியாதா? தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நேரம் சமாசாரத்தையும் அப்போதுதான் சொன்னாள். படத்தில் போடுவது நம் ஊர் மணி இல்லையாம். லண்டன் பக்கத்து மணியாம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் மணி வருமாம். ஆக, ராத்திரி பன்னிரண்டரை என்று நான் பார்த்தது விடிகாலை ஆறு. நான் பார்க்கிற நேரத்தில் மழை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்திலேயே மூன்று எழுத்து போட்டிருக்கிறதே அம்மா என்றாள். போட்டிருந்தது. ஏதோ ஆபீஸ் பெயர் என்று நினைத்தேன். கேட்கிறேன், கடல் நம்முடையது, மழை நம்முடையது, நனைகிறவர்கள் நாம், மணி மட்டும் எதற்கு வெள்ளைக்காரனுடையது? இதை அவள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? கான்வென்ட்டில் சிஸ்டர் பிலோமினா கிரீன்விச் கோட்டைப் பற்றி நடத்தியதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும். பூகோளத்தில் நான்தான் முதல் பரிசு. தெரிந்த விஷயத்தில் என்னிடம் யாரும் ஏமாற்ற முடியாது.

அதிலிருந்து ஒரு மாதமாகிறது. மகள் எனக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். போன் பண்ணினால் இரண்டு வார்த்தை. முந்தாநாள் அவளாகவே கூப்பிட்டு, இனிமேல் ஒரு மாதத்துக்கு எனக்கு டவர் கிடைக்காது, கவலைப்படாதே, நல்லா இருப்பேன் என்றாள். சென்னையில் ஒரு மாதம் டவர் கிடைக்காத ஆபீஸ் எது? கோபம்தான். கப்பலுக்குப் போக முடியாத கோபம். அதை என்னிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவாள்? அதனால்தான் மனசு கேட்காமல் இன்றைக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஆவுடையம்மாள் காலில் விழ வேண்டுமென்றாலும் விழுந்துவிடுவது, என் மகளைக் கப்பலில் ஏற்றிவிடுவது என்று முடிவோடு வந்திருக்கிறேன். பூவும் பழமும் வாங்கினேன். அல்வா வேண்டுமென்றேதான் வாங்கவில்லை. சம்பந்தி அல்வா கொடுத்துவிட்டாள் என்று அதையும் ஊருக்குச் சொல்லுவார்.

இப்போது சொல்லுங்கள். எப்போது போனார்கள்? விடியும்போதே, வேன் வைத்துக்கொண்டா? பெரிய பெட்டியோடா? ஆவுடையம்மாள் மடியில் தூக்குச்சட்டியோடு ஏறினாரா, பட்டுச்சேலையில்? ஏதாவது கோவிலுக்காக இருக்கும். அவர்கள் கேட்டுக்கு முன்னாலே சூடம் கொளுத்திய கறுப்பு இருக்கிறது, எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கிக் கிடக்கிறது, பார்த்துக்கொண்டுதான் வந்தேன். புது வண்டி வாங்கியிருப்பார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். யாரையோ தூரதேசம் அனுப்புகிற மாதிரி என்ன தடபுடல்.

அவர்கள் வீட்டுப் படியில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. தவிட்டு நிறம், வலதுகாலில் வார் தைத்தது. போன தீபாவளிக்கு நான் தாரிணிக்கு வாங்கிக்கொடுத்தது மாதிரியே. அவளுக்கும் வலது வார்தான் அறுந்து தைத்தோம். ஒரே கடையில் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள். அவள் இங்கே வந்தால் என்னிடம் சொல்லாமலா வருவாள்.

என்ன அது சத்தம்? துறைமுகத்துச் சங்கா? உங்கள் ஊருக்கு இது தினமும் உள்ளதுதானே. நீங்கள் ஏன் எழுந்து நின்று கேட்கிறீர்கள்? காபி கொட்டுகிறது பாருங்கள்.

இங்கிருந்தும் கப்பல் போகுமோ அந்த மாதிரி வேலைக்கெல்லாம்? சரக்குக் கப்பல்தான் போகும் இல்லையா? இல்லையா அக்கா?

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி நான் ஒன்றும் கேட்கவில்லையே. அவர்கள் வீட்டு விஷயம் எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த அம்மாள் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் சொல்லவே வேண்டாம். நான் வற்புறுத்துகிற ஆளே இல்லை. அந்த வேன் தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பியது என்று மட்டும் சொல்லுங்களேன். கோவில் பக்கமா, கடல் பக்கமா? பார்த்திருப்பீர்களே.

அக்கா, எந்தப் பக்கம்?